தாமதத்துக்குக் காரணம்

மடவளை
11.03.2024

ரிப்காவுக்கு மதினி எழுதுவது. ஸலாம்.

என் கையெழுத்தைக் கண்டதும் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். இருக்கட்டும். உன் நானா, என் கணவர், மௌத்தாகிப் பதினோராம் நாள் மகள் றம்லத் படியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். நான் முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் அவளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி த்ரீவீல் பிடித்தேன். அன்று பின்னேரமே நீ ஃபோன் எடுத்து, "எங்கட நானாவுக்கு ஒங்கட மரியாத இவ்வளவுதானா மதினி? இத்தாவில ஈக்கிற பொம்பள ரோட்டுல நிண்டதாம். ஊரே செல்லுது" என்று ஏசினாய். பிள்ளையின் தலையில் எத்தனை தையல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து தையல். அதற்குப் பிறகு நான் உன் ஃபோனை எடுக்கவில்லை. இனியும் எடுப்பதாக இல்லை.

ஆனால் இப்போது எனக்கு உன்னைவிட்டால் ஆளில்லை. ஃபோனில் சொல்ல முடியாத விஷயம். நான் பேசினால் உன் உம்மா கைரியா மாமிக்குக் கேட்கும், அவரைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்.

இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. கடலைக்கொட்டை அளவு. வலி இல்லை. குளிக்கும்போது கையில் பட்டது. முதலில் சவர்க்காரத் துண்டு ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன்.

நீ மாகாணத்துக்கே புற்றுநோய்த் திட்டம் எழுதுகிறவள். உன் ஆபீசில் சுவர் முழுக்க மார்பைத் தடவிப் பார்க்கும் படம்தான் ஒட்டியிருக்கும். இது என்னவென்று சொல். இன்னொன்றும் கேட்க வேண்டும். கணவன் போனவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். இன்று முப்பத்தொன்பதாம் நாள், ஜூன் ஒன்பதில்தான் இத்தா முடியும். இடையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? நான் மௌலவியிடம் ஆள் அனுப்பினால் மக்ரிப் தொழுகைக்குள் மடவளை முழுக்கத் தெரிந்துவிடும். நீ கேட்டுச் சொல்.

எங்கள் பகுதி மிட்வைஃப் கஜலட்சுமி மாத அறிக்கை கொடுக்க உங்கள் ஆபீசுக்கு வருகிறாள். அவள் பைலுக்குள் வைத்து அனுப்புகிறேன். அவளுக்கு விஷயம் தெரியாது. நாளை தலை நோன்பு. எனக்காகவும் துஆ கேள்.

மஸாஹிரா


அம்பிட்டிய
16.03.2024

மதினி அறிவது,

உங்கள் கடதாசியை ஆபீசில் வைத்துத் திறந்துவிட்டேன். உடனே மடித்துப் பைக்குள் வைத்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். நீங்களும் நிதானமாக வாசியுங்கள்.

நூறு கட்டிகளில் எண்பதுக்கு மேல் ஒன்றுமே இல்லாதவை. இது எங்கள் திட்டத்தின் மூன்றாம் பக்கத்தில் நானே தட்டச்சு செய்த வரி. உங்களுக்கு நாற்பத்தொரு வயது, உங்கள் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை. நானா போன கவலையில் சாப்பாடில்லை, தூக்கமில்லை. உடம்பு ஏதாவது காட்டத்தான் செய்யும்.

மௌலவியிடம் கேட்டேன். உயிர் போகிற அவசரம் என்றால் போகலாமாம், இப்படியான பரிசோதனை எல்லாம் இத்தா முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஜூன் 12ஆம் திகதி கிளினிக்கில் உங்களுக்கு நம்பர் எடுத்து வைக்கிறேன். நானே வந்து கூட்டிப்போவேன்.

அன்று ஏசியது பிழைதான் மதினி. தையலைப் பற்றிக் கேட்காததும் பிழை. ஆனால் உம்மா அந்த ஒரு கிழமை எப்படி அழுதார் என்று உங்களுக்கே தெரியும். மகன் போனதைவிட ஊர்வாய்தான் அவரை அதிகம் தின்றது. இன்னொரு முறை அவரால் தாங்க முடியாது.

இங்கே ஓட்டந்தான். ஐந்தாண்டுத் திட்டத்துக்காக வாவிக்குப் பக்கத்து ஹோட்டேலில் இரண்டு நாள் கூட்டம். சுவரில் இருபத்தாறு யோசனைகளை எழுதி ஒட்டி, ஆளுக்கு ஐந்து சிவப்புப் புள்ளி தந்தார்கள். எது முக்கியமோ அதில் ஒட்ட வேண்டும். கதிர் சிகிச்சைக்கு இன்னொரு மெஷின் என்ற தாள் சிவந்தே போய்விட்டது. கிராமத்துப் பெண்கள் கிளினிக் என்ற தாளில் நான்கே நான்கு புள்ளி. என் ஐந்தையும் நானும் மெஷினில்தான் ஒட்டினேன். பக்கத்தில் வீரசிங்கம் சேர் நின்றார், அவர்தான் திட்டத்துக்குத் தலைவர்.

பயப்படாதீர்கள்.

ரிப்கா


மடவளை
22.04.2024

ரிப்கா,

பெருநாள் வந்து போய்விட்டது. புது உடுப்பில்லை, வட்டலப்பம் மட்டும் மாமிக்காகச் செய்தேன். உன் நானா இருந்தால் பாத்திரத்தைச் சுரண்டியே பாதியை முடித்திருப்பார். நான் அடுப்படியில் நின்று அழுதேன், வெங்காயம்கூட இல்லாமல்.

கடலைக்கொட்டை பாக்கு ஆகிவிட்டது. அதன் மேல் தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழி விழுந்திருக்கிறது. உன் மூன்றாம் பக்கத்தில் இதற்கும் ஏதாவது எழுதியிருக்கிறாயா? சும்மா கேட்டேன். மௌலவி சொன்னால் சொன்னதுதான். நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

கஜலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் நிறை பார்க்க வந்தவள் என்னைப் பார்த்து, "அக்கா, கைய ஏன் அப்படி ஒடம்போட சேத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவளிடம் மறைக்க முடியவில்லை, அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "நாளைக்கே நான் ஆட்டோ கொண்டு வர்றேங்க. பர்தா போட்டு, மொகத்த மூடிக்கிட்டு வாங்க. போயிட்டு ரெண்டு மணித்தியாலத்துல வந்துருவோம்" என்றாள். நான் இத்தாவைச் சொன்னேன். அவள் உன்னோடு பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். கோபமாக வருவாள், தேத்தண்ணி கொடு.

உன் புள்ளிக்கதையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். முன்பள்ளியில் பதினாறு வருடம் நானும் பிள்ளைகளுக்கு இப்படிப் புள்ளி ஒட்டியிருக்கிறேன். பக்கத்துப் பிள்ளை ஒட்டிய இடத்தில்தான் எல்லாம் ஒட்டும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நீங்கள் பெண்களைத் தேடி பஸ் விடுகிறீர்கள், மைக் கட்டிக் கூப்பிடுகிறீர்கள். இங்கே ஒருத்தி நான்கு மாதம் ஒரே வீட்டில் அசையாமல் இருக்கிறாள். அவளைப் பார்க்க ஊர்ப் பெண்கள் எல்லாரும் வருகிறார்கள், ஆண்கள் வருவதில்லை. இதைவிட நல்ல கிளினிக் எங்கே கிடைக்கும்? இத்தா வீடுகளுக்கு மிட்வைஃப் போகட்டும். மார்பைத் தடவிப் பார்க்கச் சொல்லித் தரட்டும். இதற்கு ஒரு புள்ளி போடு.

மஸாஹிரா


அம்பிட்டிய
27.04.2024

மதினி அறிவது,

கஜலட்சுமி வந்தார். தேத்தண்ணியைத் தொடவே இல்லை. "மிஸ், நீங்க எழுதுறத அப்புறம் எழுதுங்க. அந்த அக்காவ மொதல்ல அனுப்புங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. இது எங்கள் வீட்டு விஷயம், எங்கள் மார்க்க விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் பைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் நாற்பத்து மூன்று நாள்தானே மதினி. நாட்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

உங்கள் யோசனை உண்மையிலேயே நல்லது. நான்காம் அத்தியாயத்தில் ஏழாவது செயற்பாடாக எழுதிவிட்டேன்: துக்கம் காக்கும் வீடுகளுக்கு மிட்வைஃப் செல்லுதல். வீரசிங்கம் சேர் வாசித்துவிட்டு, "ஓம், இது நல்ல யோசனைதான். ஆர் தந்தது?" என்று கேட்டார். ஒரு டீச்சர் என்றேன்.

இப்போது 'தாமதத்துக்கான காரணங்கள்' என்ற பகுதியை எழுதுகிறேன். முற்றிய நிலையில் வந்த பெண்களிடம் ஏன் இவ்வளவு காலம் வரவில்லை என்று கேட்கிறோம். நேற்றுக் கெலிஓயாவிலிருந்து ஒரு பெண், எட்டு மாதமாகப் புண்ணுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு இருந்தாளாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்த பெண், இரண்டு பிள்ளைகள், எப்படி இப்படி இருக்க முடியும் என்று சத்தம் போட்டேன். வெளியே வந்து கொரிடோரில் நின்றபோது உங்கள் ஞாபகம் வந்தது. அந்தப் பெண் வேறு, நீங்கள் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 12. மறக்க மாட்டேன்.

ரிப்கா


மடவளை
05.07.2024

ரிப்கா,

ஜூன் 12ஆம் திகதி நீ வரவில்லை. கொழும்பில் கூட்டம் என்று மாமிக்கு ஃபோன் செய்தாயாம். கஜலட்சுமி தன் லீவில் வந்து என்னைக் கூட்டிப்போனாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் டிராஃபிக். நான்கு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்த எனக்கு அந்த டிராஃபிக்கூட அழகாக இருந்தது.

டொக்டர் பெண்பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். நல்ல பிள்ளை. தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பவும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஊசி, ஸ்கேன், இன்னொரு ஸ்கேன். மூன்று கிழமை. நேற்று உட்காரவைத்துச் சொன்னாள். முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டதாம். இனி வெட்டி எடுப்பதில் பிரயோசனமில்லை, மருந்தால் கொஞ்சக்காலம் தள்ளலாம் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். மார்ச்சிலேயே வந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு உம்மா என் கையைப் பிடித்து, "எனத்துக்குப் புள்ள இவ்வளவு லேட்டு?" என்று கேட்டார்.

இதைக் கேள். வெளியே வந்தபோது சிந்துஜா என்ற பிள்ளை கையில் போர்மோடு வந்தது. உங்கள் திட்டத்துக்குத் தகவல் எடுக்கிறதாம். பெயர் வேண்டாம், வயது, ஊர். பிறகு, "தாமதத்துக்குக் காரணம் என்ன அம்மா?" என்று கேட்டது. கீழே உன் ஆபீஸ் முத்திரை. நான் சொன்னேன், "இத எழுதின மிஸ்ஸிட்டயே கேளுங்க மகள்." அது விளங்காமல் சிரித்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் போய்விட்டது.

றம்லத்துக்குப் பதின்மூன்று வயது ரிப்கா. வாப்பா போய் ஐந்து மாதம். நான் அவளிடம் எப்படிச் சொல்வது? உன் திட்டத்தில் அதற்கு ஒரு பக்கம் இருக்கிறதா?

மஸாஹிரா


அம்பிட்டிய
14.07.2024

மதினி,

இந்தக் கடதாசியை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் மௌலவியிடம் கேட்கவில்லை.

பள்ளி வாசல் வரை போனேன். அவர் வெளியே நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம். கேட்டால் போகலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம் வந்தது. போகலாம் என்றால் நீங்கள் போவீர்கள், ஊர் மறுபடியும் பேசும், உம்மா மறுபடியும் அழுவார். என் நானாவுக்காக நீங்கள் இத்தாகூட ஒழுங்காக இருக்கவில்லை என்று சொல்வார்கள். திரும்பி வந்து, அவர் சொல்லாததைச் சொன்னதாக உங்களுக்கு எழுதினேன். கட்டி ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன். எண்பது வீதம் மதினி. நானே தட்டச்சு செய்த எண்பது.

போன கிழமை போய்க் கேட்டேன். மருந்துக்குப் போகத் தாராளமாக அனுமதி இருக்கிறது, யார் போகக் கூடாது என்று சொன்னது என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

ஜூன் 12 அன்று கொழும்பில் கூட்டம் இருந்தது உண்மை. ஆனால் நான் இல்லாமலும் நடந்திருக்கும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டொக்டரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நான் கொன்றுவிட்டேன் மதினி. வேறு சொல் தெரியவில்லை. உம்மாவுக்குச் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்லுங்கள். மன்னிக்கக் கேட்கவில்லை.

ரிப்கா


ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து
30.09.2024

ரிப்கா,

இரண்டரை மாதம் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். அதை மறைக்கப் போவதில்லை. உன் பெயரைக் கேட்டாலே வாந்தி வந்தது, மருந்தாலா உன்னாலா என்று தெரியவில்லை. முதுகுக்குக் கதிர் பிடிக்கிறார்கள். மெஷினுக்குக் கீழே படுத்திருக்கும்போது உன் ஐந்து சிவப்புப் புள்ளியும் நினைவுக்கு வரும்.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். இனி என்னுடையது.

நோன்பு இருபதில் மௌலவியின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். நான் யாரோ ஒரு கூட்டாளிக்கு என்று சொல்லிக் கேட்டேன். "மருந்துக்குப் போறதுக்குத் தடையில்ல புள்ள. அவர் எத்தின பேருக்குச் செல்லீக்கார்" என்றார். அன்றைக்கே எனக்கு விளங்கியது, நீ கேட்கவில்லை என்று. ஏப்ரலில் உனக்கு எழுதியபோது எனக்குத் தெரியும். கஜலட்சுமி ஆட்டோ கொண்டு வருகிறேன் என்றபோதும் தெரியும்.

ஏன் போகவில்லை என்று கேள். பயம். வேறொன்றுமில்லை. அந்தக் கட்டியைப் பார்த்த நாளே எனக்குள் ஒருத்தி இதுதான் என்று சொல்லிவிட்டாள். உன் நானாவைப் புதைத்த மண் காயவில்லை. இன்னொரு செய்தியை என்னால் கேட்க முடியாது. உன் பொய் எனக்கு வசதியாக இருந்தது ரிப்கா. அதைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். மௌலவி சொன்னால் சொன்னதுதான் என்று எழுதினேனே, எவ்வளவு நல்ல பிள்ளையாக எழுதினேன் பார்.

அதனால் முழுப் பாரத்தையும் நீ எடுத்துக்கொண்டு பெரிய மனுஷி ஆகாதே. பாதி என்னுடையது. ஆனால் உன் பாதியை நான் மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே. றம்லத் பின்னேரம் வந்து என் காலைப் பிடித்துவிட்டுக் கொண்டிருக்கும்போது மன்னிக்க முடிவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பிள்ளை வெறுமையாக விட்டுப் போன இடத்தில் எப்படியும் நீங்கள் ஏதாவது எழுதுவீர்கள். அறியாமை என்று எழுதிவிடாதே. நான் பதினாறு வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே இருந்தேன். அதை எழுது.

இத்தா வீட்டு யோசனையையும் விட்டுவிடாதே. எனக்குப் பிறகு ஒருத்தி இருப்பாள்.

மஸாஹிரா


அம்பிட்டிய
21.02.2025

மதினி அறிவது,

நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், இனி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் கஜலட்சுமி சொன்னார். இரண்டு தடவை உங்கள் வாசல்வரை வந்தேன். நீங்கள் உள்ளே கூப்பிட வேண்டாம் என்று சொன்னீர்களாம். அது நியாயம்.

திட்டம் நேற்று வெளியானது. அதே ஹோட்டேல், பூமாலை, விளக்கு. ஐந்நூறு பிரதி. ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். பக்கம் 31ஐ நீங்கள் வேறு யார் கையிலும் காணக்கூடாது என்பதால் நானே சொல்கிறேன்.

உங்கள் போர்மில் பயம் என்று எழுதினேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். கம்ப்யூட்டரில் ஐந்து காரணம்தான் போடலாம்: அறியாமை, தூரம், பணக்கஷ்டம், வெட்கம், மற்றவை. பயம் இல்லை. நான் மற்றவையில் போட்டேன். மற்றவையில் நீங்கள் ஒருவர் மட்டும். வீரசிங்கம் சேர், "ஒரு ஆளுக்காக ஒரு வரி போடேலாது பிள்ளை. பெரிசோட சேர்த்துவிடுங்கோ" என்றார். பெரியது அறியாமை. நாற்பத்தாறு இருந்தது. நாற்பத்தேழு ஆக்கினேன்.

என் விரலால்தான் ஆக்கினேன் மதினி.

இத்தா வீட்டுச் செயற்பாடு இல்லை. ஒரு சமூகத்தின் மனம் நோகும் என்று கடைசிக் கூட்டத்தில் எடுத்துவிட்டார்கள். அந்தச் சமூகத்தில் ஒருத்தியாக அந்த மேசையில் நான்தான் இருந்தேன். நோகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியென்றால் இந்த யோசனையைத் தந்த டீச்சர் யார், அவருக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். புத்தகத்தை வெளியிட்டபோது எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினேன்.

ஏசியாவது ஒரு வரி எழுதுங்கள்.

ரிப்கா


மடவளை
03.03.2025

ரிப்கா,

இரண்டாம் நோன்பு. நான் நோன்பு பிடிக்கவில்லை, தண்ணீர்கூட உள்ளே நிற்பதில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

புத்தகம் வந்தது. அழகான கடதாசி. அட்டையில் சிரிக்கிற பெண் யார்?

பக்கம் 31ஐப் பார்த்தேன். றம்லத்திடம் பேனை வாங்கி நாற்பத்தேழை வெட்டி நாற்பத்தாறு என்று எழுதினேன். கீழே ஒரு கோடு போட்டு, பயம், 2 என்று எழுதினேன். ஒன்று நான். மற்றது யார் என்று உனக்குத் தெரியும். கூட்டினால் ஒன்று அதிகமாக வரும், உன் சேர் பொறுத்துக்கொள்ளட்டும்.

அது என்ன உம்மா என்று றம்லத் கேட்டாள். கணக்குப் பிழை, திருத்துகிறேன் என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றப் புத்தகங்களிலும் திருத்த வேண்டுமா என்று கேட்டாள்.

ஐந்நூறு அச்சடித்ததாக எழுதியிருந்தாய். எனக்கு இன்று ஒன்றுதான் முடிந்தது.

மஸாஹிரா